கப்பல் வரலம்மா

மறதி வந்தவர்கள் எதை மறந்தாலும் அடுப்பை மறப்பதில்லை என்பது வீரையாவின் கட்சி. பெற்ற பிள்ளையின் பெயரை மறப்பார்கள். சற்றுமுன் சாப்பிட்டதை மறப்பார்கள். பழுது பார்க்கக் கூப்பிட்டுவிட்டு, வந்தவனை வாசலில் நிறுத்தி, "யாரு நீங்க?" என்பார்கள். ஆனால் அடுப்பு எரியவில்லை என்றதும் வீரையாவைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் எப்படியோ நினைவுக்கு வந்துவிடும்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஓர் அலுமாரியளவு இடம் அவனுடையது. கேஸ் அடுப்புத் திருத்துவது தொழில். அடைத்த துவாரத்தை ஊசியால் குத்திவிடுவான். கரி பிடித்த பேர்னரை வினாகிரியில் ஊறப்போட்டுத் தேய்ப்பான். வெடித்த ஹோஸை மாற்றி, சவர்க்காரத் தண்ணீர் பூசி நுரை கிளம்புகிறதா என்று பார்ப்பான். கடையில் இருக்கும் நேரத்தைவிட மோட்டார் சைக்கிளில் இருக்கும் நேரம் அதிகம். இன்று அம்பிட்டிய என்றால் நாளை திகன.

திகனயில் ஜமால்தீன் ஹாஜியார் வாரம் தவறாமல் கூப்பிடுவார். அடுப்பில் ஒரு கோளாறும் இராது. கடைக்குப் போகும் மருமகள் சிலிண்டரின் வாயை மூடிவிட்டுப் போயிருப்பாள். வீரையா அதைத் திறந்து காட்டிவிட்டு, திரும்ப மூடிவைப்பான். ஹாஜியார் அவனை உட்கார வைத்து, வட்டிலப்பம் கொடுத்து, அவன் கோப்பையைக் கழுவி வைத்ததும், "நீங்க ஒண்டும் சாப்பிடல்லயே" என்று மறுபடி கொண்டுவருவார்.

"திகனப் பக்கம் மறதிக்காரர் வீடுன்னா ரெண்டு சாப்பாடு," என்று மனைவி நல்லம்மாவிடம் சொல்லிச் சிரிப்பான். "டவுனுக்குள்ள மறதிக்காரர் வீடுன்னா தேத்தண்ணி கூட கெடையாது. குடுத்தாச்சுன்னு நெனச்சிருவாங்க."

அம்பிட்டிய வடிவம்மா அந்த இரண்டு வகையிலும் சேராதவர். அவர் வீட்டில் தேத்தண்ணி உண்டு, ஒரே ஒரு தடவைதான் உண்டு, அதற்கு முன்னால் கேள்வி உண்டு.

"மக எந்த வகுப்பு படிக்கிறா வீரையா?"

வீரையாவின் மகள் தர்ஷிகா படித்து முடித்து, கல்யாணமாகி, மாத்தளையில் குடித்தனம் செய்கிறாள். முதல் தடவை அதைச் சொன்னான். வடிவம்மாவின் முகம் வாடிப்போனது. "எனக்குச் சொல்லவே இல்லையேப்பா" என்றார். கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, பிள்ளைக்குச் சேலை கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அடுத்த தடவை கேட்டபோது வீரையா, "எட்டாம் வகுப்பும்மா" என்றான். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா படிக்கச் சொல்லு. கணக்குல விட்றக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு தர்ஷிகா எட்டாம் வகுப்பைத் தாண்டவே இல்லை. அந்தச் சின்னப் பொய்யில்தான் அவனுக்கு வாய் பழகியது.

வீடு ரோட்டிலிருந்து மேலே ஏறும் சரிவில் இருந்தது. புருஷன் சண்முகநாதன் மாநகர சபையில் கிளாக்காக இருந்தவர். பென்சன் எடுத்த பிறகு கட்டிய வீடு. அவர் போய்ச் சேர்ந்த பின் வடிவம்மாவோடு மகள் சஞ்சீவனி மட்டும். அவளுக்குப் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக் கந்தோரில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டும்போது வருவாள். பகல் முழுக்க வடிவம்மாவும், அடுப்பும், மதிலுக்கு அந்தப் பக்கம் றம்லத்தும்.

அந்த றம்லத்துதான் ஒரு நாள் வடிவம்மாவைக் காப்பாற்றியவள். துணி எடுக்க வெளியே வந்தவளுக்குக் கேஸ் மணம் மூக்கில் அடித்திருக்கிறது. ஓடிவந்து பார்த்தால், பால் பொங்கி வழிந்து நெருப்பு அணைந்துபோய், கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. வடிவம்மா முன்னறையில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா றம்லத். உக்காரு. டீ ஊத்தவா?" என்று எழுந்தாராம்.

அன்று அந்தியில் வீரையாவைக் கூப்பிட்டாள் சஞ்சீவனி. அவன் போனபோது மழை பிடித்திருந்தது. அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் அவனை வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். கந்தோர் உடுப்பைக்கூட மாற்றவில்லை. றம்லத்தும் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வீரையாண்ணே, இந்த அடுப்பு எரியக் கூடாது," என்றாள் சஞ்சீவனி.

"என்னா புள்ள சொல்றீங்க? எரிய வைக்கத்தானே என்னைய கூப்பிடுவாங்க?"

"எனக்குச் சிரிக்க ஏலாதுண்ணே. நான் லைட் சுவிட்சைப் போட்டிருந்தா, இல்ல றம்லத்தக்கா இல்லாம இருந்திருந்தா..."

"அல்லாஹ் காப்பாத்தின," என்றாள் றம்லத். "எனக்கு இன்னம் நெஞ்சு படபடங்குது. நான் ஜன்னலெல்லாம் தொறக்கிய நேரம், மாமி எனக்கு ஏசிய, கொசு வருமாம்."

"சிலிண்டரை மூடி வச்சிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான் வீரையா.

"தொறந்துருவாங்க. ரெகுலேட்டரைக் கழட்டி ஒளிச்சு வச்சேன். வீடெல்லாம் பெரட்டித் தேடி எடுத்துட்டாங்க. நேத்து என்ன சாப்பிட்டோம்னு தெரியாது, ரெகுலேட்டர் மாட்டத் தெரியுது." அவள் குரல் உடைந்தது. "அண்ணன் கனடாவுல இருந்து ஒரே பேச்சு. ஏதாவது ஹோம்ல விடு, காசு அனுப்புறேன்னு. நான் மாட்டேன்னு நிக்கிறேன். அம்மா இந்த வீட்டுலதான் இருக்கணும். ஆனா இன்னொரு தடவ இப்பிடி ஒண்ணு நடந்தா என்னால பிடிவாதம் பிடிக்க ஏலாது. வேலையையும் விட முடியாது. நான் ரூம்ல கரண்ட் அடுப்பு வச்சுச் சமைச்சுப் பூட்டிட்டுப் போறேன். பகலைக்கு றம்லத்தக்கா பார்த்துக்குவாங்க. நீங்க இத மட்டும் எடுத்துருங்க."

"எடுத்துருவேன். என்னா சொல்லி எடுக்கிறது?"

"நான் சொன்னா சண்டை பிடிப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. அடுப்பு விஷயத்துல ஒங்களைத்தான் நம்புவாங்க."

வீரையா குசினிக்குள் போனான். வடிவம்மா ஏற்கனவே அங்கே நின்றிருந்தார், இஞ்சி தட்டிக்கொண்டு. அடுப்பைச் சுற்றி வழிந்த பாலை யாரோ துடைத்திருந்தார்கள். தீய்ந்த மணம் மட்டும் போகவில்லை. அவர் பார்க்காத நேரத்தில் நிறைந்த சிலிண்டரைக் கழற்றி, கொண்டுபோவதற்காக வெளியே வைத்துவிட்டு, பின்கட்டில் கிடந்த காலிச் சிலிண்டரை அந்த இடத்தில் வைத்து மாட்டினான். தீக்குச்சி கிழித்துக் காட்டினான். ஒன்றுமில்லை.

"என்னப்பா?"

பழுது என்று சொல்லலாம். ஆனால் பழுது என்றால் திருத்து என்பார். சாமான் வரவேண்டும் என்று சொல்லலாம். எப்போது வரும் என்று நாளுக்கு நாலு தடவை போன் வரும். இப்படி அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"கேஸ் இல்லம்மா. தட்டுப்பாடு. கப்பல் வரலம்மா."

அந்த வசனம் அவன் வாயில் தயாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. நாடே வரிசையில் நின்ற அந்த வருஷத்தில், பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவன் சொன்னது அது ஒன்றுதான். பெற்றோலுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, கேஸுக்கு ஒரு வரிசை. வரிசைக்குச் சிங்களத்தில் 'போலிம்' என்பதைத் தோட்டத்துக் கிழவிகளும் யாழ்ப்பாணத்து வாத்தியார்மாரும் ஒரேமாதிரி சொல்லப் பழகிய வருஷம். கேஸ் இல்லாத நாட்டில் கேஸ் அடுப்புத் திருத்துகிறவனுக்கு என்ன வேலை? வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் "கப்பல் வரலயாம்" என்று சொல்வதுதான் வேலை.

வடிவம்மா ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. "ஆமா ஆமா, ரேடியோவுலயும் சொன்னாங்க" என்றார். சிலிண்டரைக் கையால் அசைத்துப் பார்த்தார். கனமில்லை. தட்டிய இஞ்சியை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடினார். "ஊருக்கே இல்லாதப்ப நமக்கு மட்டும் எங்கேர்ந்து வரும்? நீ கவலப்படாத."

அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார்.

வீட்டில் நல்லம்மா இதைக் கேட்டுவிட்டு ரொட்டி தட்டுவதை நிறுத்தினாள்.

"பொய் சொல்றதுன்னா அளவா சொல்லணும். வீட்டுக்குள்ள அடங்குற பொய்யா சொல்லணும். நாட்டளவு பொய்ய தூக்கிட்டுப் போயி அந்தம்மா தலையில வச்சிட்டு வந்திருக்கீங்களே."

"வேற என்னா சொல்றது? நம்பிட்டாங்களே."

"நம்பினதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு மாவை உருட்டினாள். "ரொட்டி வேணுமா, இல்ல மாவுக் கப்பலும் வரலயா?"

அவள் கேலிக்கு அவனும் சிரித்தான். அதன் பிறகு கொஞ்ச காலம் சிரிக்கிற மாதிரியேதான் எல்லாம் நடந்தது. சஞ்சீவனி காலையில் சோறும் பருப்பும் ஒரு சுண்டலும் கட்டி வைத்துப் போனாள். றம்லத் சுடுபோத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "தட்டுப்பாட்டு நேரத்துல ஒங்க வீட்டு கேஸையும் எனக்காகச் செலவழிக்கிறியே" என்று வடிவம்மா அவளைத் திட்டிக்கொண்டே குடித்தார். சீனியைக் குறைத்துக்கொண்டார். அறையில் லைட் எரிந்தால் அணைத்தார். சஞ்சீவனி போனில் சொன்னாள்: "ஒங்களுக்குக் கோடி புண்ணியம் வீரையாண்ணே. ரொம்ப நாளைக்குப் பொறகு கந்தோர்ல நிம்மதியா வேலை செய்றேன்."

ஐப்பசி மழை வலுத்தது. பகலிலேயே ஹந்தானைப் பக்கம் இருண்டு, மத்தியானம் சாய்ந்ததும் கொட்டும். அப்படி ஒரு நாள் வீரையா ஹாஜியார் வீட்டில் இரண்டாவது வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. றம்லத்.

"வீரையா அண்ணன், மாமிய காணல்ல."

"எங்க போனாங்க?"

"தெரிய. நான் பகல் லுஹர் தொழுதுட்டு டீ கொண்டு போன. கதவு தொறந்தீக்கு. மேல் ரோட்டெல்லாம் பார்த்தேன். சஞ்சீவனிட போன் வேலை செய்யுதில்ல. இன்னொண்டு அண்ணன்... குசினியில அந்த சிலிண்டரும் இல்ல."

வீரையா கோப்பையைக் கீழே வைத்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. மழைக்கோட்டைப் போட மறந்து மோட்டார் சைக்கிளை எடுத்தான். திகனயிலிருந்து கண்டி வரை ஹாஜியார் வீட்டு வட்டிலப்பம் நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

அம்பிட்டியச் சந்தியில் கேஸ் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அந்த வருஷத்தில் வரிசை அந்தக் கடை வாசலில் தொடங்கி, வளைவைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத இடம் வரை போகும். இப்போது கம்பிக்கூட்டுக்குள் நீலச் சிலிண்டர்கள் அடுக்கி வைத்தபடி, வாங்க ஆளில்லாமல் நின்றன. கடை முதலாளி வாசலில் ரோட்டோரமாக விற்பனைக்குப் பூச்சட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். அந்தூரியம், குரோட்டன், பிறகு வெறுஞ்சட்டிகள். கடைசிச் சட்டிக்குப் பின்னால் வடிவம்மாவின் சிலிண்டர். அதன்மேல் வடிவம்மா உட்கார்ந்திருந்தார். சரிவில் காலால் உருட்டியே கொண்டுவந்திருக்கிறார் போல. சிலிண்டரின் நீலப் பூச்சு ஒரு பக்கம் உரிந்து, பாதத்தில் இரத்தம் கசிந்து மழையில் கரைந்துகொண்டிருந்தது. சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவருக்குப் பின்னால், நிலத்தில், ஓர் ஆம்பிளைக் குடை மடித்தபடி கிடந்தது.

முதலாளி வீரையாவைக் கண்டதும் வெளியே வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பாஸ், இந்த அம்மா ரொம்ப நேரம். கேஸ் இருக்கு, எடுங்க சொன்னேன். சும்மா எடுங்க சொன்னேன். வேணாம் சொல்றாங்க. முன்னுக்கு இருக்கிற ஆள் எல்லாம் எடுக்கட்டுமாம்."

"முன்னுக்கு யாரு?"

முதலாளி பூச்சட்டிகளைக் காட்டினார்.

வீரையா சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்த வருஷத்தில் நாள் முழுக்க நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு செங்கல்லையோ பழைய வாளியையோ செருப்பையோ வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். கல்லுக்கு இருந்த மரியாதை மனிதனுக்கு இருக்கவில்லை. வடிவம்மா பூச்சட்டிகளைப் பார்த்து அப்படித்தான் எண்ணியிருக்கிறார்.

"அம்மா," என்று அருகில் போனான்.

"வா வீரையா. நீயும் வந்துட்டியா?" பற்கள் குளிரில் தட்டின. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு. கொஞ்ச காலமாகவே அவன் காணாத முகம். "எனக்குப் பின்னால நிக்காத, அது அவுங்க எடம். அதுக்குப் பொறகு நில்லு."

"யாரு எடம்மா?"

"எங்க வீட்டுக்காரரு எடம். காலையில இருந்து நின்னுட்டு இப்பதான் பிளேன்டி குடிக்கப் போனாங்க. குடைய வச்சிட்டுப் போயிருக்காங்க."

"நனையிறீங்களே. அந்தக் குடைய விரிச்சாத்தான் என்னா?"

"குடைய எடுத்தா எடம் போயிரும்ல? நல்லா சொன்ன போ."

"கேஸ் வந்திருச்சும்மா. பாருங்க, கடை நெறைய இருக்கு. எடுத்துட்டுப் போவோம்."

அவர் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் காலி. அடுக்கி வச்சு ஏமாத்துவாங்க. கப்பல் வரலன்னு நீதானே சொன்ன? ஒனக்குத் தெரியாததா?"

மழை அவன் காதுக்குள் வழிந்தது. நாட்டளவு பொய் என்று நல்லம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அந்தப் பொய்க்குள் போய் இந்த அம்மா ஒரு ரோட்டையும் ஒரு வருஷத்தையும் கண்டுபிடித்து, புருஷனையும் கண்டுபிடித்து, நனைந்துகொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார். இழுத்துக்கொண்டு போகலாம், கத்துவார். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே விட்டால் காய்ச்சலில் விழுவார். அந்த வருஷத்து வரிசையைக் கலைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை முதலாளியும் யோசித்திருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத லொறிய என்னே நே, அம்மே," என்றார் முதலாளி சத்தமாக. "ஹெட்ட எண்ட."

இன்றைக்கு லொறி வராது, நாளைக்கு வாருங்கள். எந்தப் பாஷைக்காரருக்கும் அந்த வருஷத்தில் மனப்பாடமான வசனம். வடிவம்மா பெருமூச்சு விட்டு எழுந்தார்.

"நெனச்சேன். சரி, அவுங்க வரட்டும், போவோம்."

"வாங்கம்மா, போவோம்."

"அவுங்க வரணுமேப்பா. என்னையக் காணாம தேடுவாங்கல்ல?"

"அவரு வீட்டுக்குப் போயிட்டாரும்மா," என்றான் வீரையா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. திரும்பப் பிடிக்க நேரமில்லை. வடிவம்மா குடையை எடுத்துக்கொண்டார். "பாரேன், என்னைய விட்டுட்டு!" என்று கோபித்துக்கொண்டார். வாயெல்லாம் சிரிப்பு. "வா வா, பசியோட இருப்பாங்க. பாண் ஒண்ணு வாங்கிட்டுப் போவோமா?"

முதலாளி கடையில் இருந்த பாண் ரொட்டி ஒன்றைக் காசு வாங்காமல் சுற்றிக் கொடுத்தார். சிலிண்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு இருவரும் சரிவில் ஏறினார்கள். மோட்டார் சைக்கிளில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். ஊர் என்ன சொல்லும்? காயம்பட்ட பாதத்தோடு அவனுக்கு முன்னால் நடந்தார். வீரையா ஒவ்வோர் அடிக்கும் ஒரு யோசனை செய்தான். அவர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லலாம். தூங்குகிறார் என்று சொல்லலாம். வீடு போவதற்குள் மறந்துவிடுவார், எப்போதும் மறக்கிறவர்தானே. அவன் வேண்டாத தெய்வமில்லை.

அவர் மறக்கவில்லை.

கேட்டில் றம்லத் நின்று அழுதுகொண்டிருந்தாள். "மாமி!" என்று கட்டிப்பிடிக்க வந்தவளை விலக்கிக்கொண்டு, "என்னாங்க?" என்று கூப்பிட்டபடி வடிவம்மா உள்ளே போனார். அறையில் பார்த்தார். குசினியில் பார்த்தார். பின்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தார். "எங்க போனாங்க, கால் கழுவப் போனாங்களா?" என்றபடி முன்னறைக்கு வந்தவர், சுவரைப் பார்த்து நின்றார். சண்முகநாதனின் படம், பிளாஸ்ரிக் மாலை, மேலே சிவப்புச் சின்ன பல்பு.

பாண் கையிலேயே இருந்தது.

"இது எப்ப மாட்டினது?" என்றார் மெல்ல.

வீரையா றம்லத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் கவனிக்கவில்லை. வழியில் அவன் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் உண்மைதான்.

"மாமி, சார் மௌத்தாப் பெய்த்து எத்தின வருசம்! அந்த கேஸ் போலிம்லதானே விழுந்த. மறந்துட்டீங்களா?"

வடிவம்மா உடனே அழவில்லை. இருவரையும் மாறிமாறிப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் தன்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்ததைக் கண்ட பிள்ளையைப் போல.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

அப்புறம் வந்த சத்தத்தை வீரையா இன்றைக்கும் யாரிடமும் சொல்லி விளக்க முடியாமல் இருக்கிறான். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அன்றைக்குத்தான் செத்தார் போல அந்த அம்மா நிலத்தில் விழுந்து மாரடித்தார். "என்னைய நிக்கச் சொல்லிட்டு முன்னாடி போயிட்டீங்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தலைவிரி கோலமாக எழுந்து, கூடியிருந்த பெண்களிடம், "யாரும் அடுப்பு பத்த வைக்காதீங்க. சாவு வீடு" என்றார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. காரியம் முடியும் வரை அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவருவார்கள். சண்முகநாதன் செத்த அன்றும் அப்படித்தான். அவரைத் தூக்கிவந்து கிடத்திய பிறகு கேஸ் லொறி வந்துவிட்டது. வரிசையில் நின்ற சனங்கள் பழிபாவத்துக்கு அஞ்சி, அவருடைய இடத்துக்குரிய நிறைந்த சிலிண்டரை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஊரே ஒரு சிலிண்டருக்குச் செத்துக்கொண்டிருந்தபோது, அது அந்த வீட்டுக் குசினியில் சீல் உடைக்காமல் காரியம் முடியும் வரை நின்றது.

சஞ்சீவனி வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. தாயை மடியில் போட்டுக்கொண்டு, அவளும் புதிதாக அழுதாள். வீரையா தான் சொன்னதை எல்லாம் சொன்னான், வீட்டுக்குப் போயிட்டார் என்றதையும். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

"நான்தானே ஒங்களைப் பொய் சொல்லச் சொன்னேன்," என்றாள்.

மறுநாள் விடியும்போது வடிவம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. பாதத்தில் ஏன் துணி கட்டியிருக்கிறது என்று கேட்டார். சஞ்சீவனி அப்பாடா என்று இருந்தாளாம். பிறகு அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். அடுப்பைத் தொட்டார். குளிர்ந்து கிடந்தது. சிலிண்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தட்டுப்பாடும் கப்பலும் அவர் நினைவிலிருந்து போயிருந்தன. எரியாத அடுப்புக்கு வேறு ஓர் அர்த்தம்தான் மிச்சமிருந்தது. வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி, சஞ்சீவனியிடம் கேட்டார்:

"யாரும்மா செத்தது?"

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். யாருமில்லை என்றால் நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்று நினைத்து, ஆட்களை எண்ணத் தொடங்கினார். கனடாவில் இருக்கும் மகனின் பெயரைச் சொல்லி, அவனுக்கா என்றார். சஞ்சீவனியின் கையைப் பிடித்துக்கொண்டே, "எங்க சஞ்சீவனி? அவளுக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

"விடிஞ்சா சாவு வீடுண்ணே," என்றாள் சஞ்சீவனி போனில். "ஞாயித்துக்கெழமைக்கு வேன் சொல்லியிருக்கேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு ஹோம். நல்ல எடம்தான், போய்ப் பார்த்தேன். சமையக்கட்டு பின்னால தூரத்துல. அவங்க கண்ணுல படாது."

வீரையா "ம்" என்றான்.

"அதுவரைக்கும் நான் லீவு. அதுவரைக்கும் அடுப்பு எரியட்டும். கொண்டாந்து மாட்டிருங்கண்ணே."

சனிக்கிழமை காலையில் போனான். மழை விட்டு, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. முன்னறையில் ஒரு பையில் வடிவம்மாவின் சேலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சஞ்சீவனி குளிக்கப் போயிருந்தாள். அவன் நிறைந்த சிலிண்டரைத் தூக்கிவந்து வைத்து, ரெகுலேட்டரை மாட்டி, ஹோஸ் நெடுக சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தான். நுரை கிளம்பவில்லை. பற்றவைத்தான். டப் என்று பிடித்து, நீலமாக வட்டம் போட்டது.

அந்தச் சத்தத்துக்கு வடிவம்மா வந்துவிட்டார். அடுப்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேத்தலில் தண்ணீர் பிடித்து வைத்தார். இஞ்சியை எடுத்துத் தோல் சீவி, அம்மிக் குழவியால் ஒரே தட்டு. தேயிலையைக் கை அளவிலேயே போட்டார். கொஞ்சமும் தடுமாற்றமில்லை. நெருப்பைச் சிறிதாக்கி, கொதி வரட்டும் என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முன்னறைக்குப் போனார்.

போனவர் வரவில்லை.

தண்ணீர் கொதித்து, மூடி தட்டத் தொடங்கியது. முன்னறையில் வடிவம்மா எதையோ முணுமுணுத்தபடி பையிலிருந்து சேலைகளை எடுத்து, திரும்ப அலுமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வீரையா அடுப்பின் முன்னால் நின்றான். அணைக்க வேண்டும். அணைத்தால் அடுப்பு குளிர்ந்துவிடும். குமிழைப் பிடித்தபடி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"குசினியில யாரு?" என்று குரல் கேட்டது.

"நான்தாம்மா, வீரையா."

"அடுப்பு எரியுதா?"

"எரியுதும்மா."

"அப்ப நம்ம வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா."